112 மில்லிலீட்டர்: மருத்துவக் கருவிக்குக் கையெழுத்து வைக்கும் முன்

அளவுச்சாடியில் தண்ணீர் 37 மில்லிலீட்டர் கோட்டைத் தாண்டி நின்றது. 33-இல் நின்றிருக்க வேண்டும். மணிக்கு 100 மில்லிலீட்டர் என்று செட் பண்ணி, இருபது நிமிடம் ஓடவிட்ட இன்ஃபியூஷன் பம்ப் அது, நாளத்துக்குள் மருந்தை அளவாக ஏற்றும் கருவி. கணக்குப் போட்டால் மணிக்கு 112 வருகிறது. இந்த வகைப் பம்புக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் பிழை எல்லை 5 சதவீதம். பம்ப் பெயில். வாசலில் வாட்டு சிஸ்டர் நிற்கிறார். "மிஸ், இருக்கிறதே ரெண்டுதான். இதையும் நீங்க எடுத்தா நான் என்ன செய்யிறது?"

பயோமெடிக்கல் எஞ்சினியரிங் படித்த காலத்தில் நெறிமுறை என்று ஒரு பாடம் இருந்தது. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான நூரெம்பேர்க், ஹெல்சிங்கி விதிகள் எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணினோம். சிஸ்டருக்கு என்ன பதில் சொல்வது என்று அதில் இல்லை. இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் சில இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன், மாணவர்களின் ஆய்வுகளிலும் கூட நின்றிருக்கிறேன். வேர்க்‌ஷொப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் இப்படியான கேள்விகளுக்கு விடையாக இதை எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

பெயிலான பம்ப், காத்திருக்கும் வாட்டு

முதல் வேலை, இன்னொரு தடவை அளப்பது. அதுவும் மருந்து போகும் குழாய்ச் செட்டை மாற்றி. பம்பின் கணக்கு குறிப்பிட்ட ஒரு வகைச் செட்டின் குழாய்க்கு ஏற்றபடி போடப்பட்டது. மலிவாகக் கிடைத்தது என்று வேறு செட் வாங்கிப் போட்டால் பம்ப் நல்லதாக இருந்தாலும் அளவு பிழைக்கும். அப்படியானால் கோளாறு வாட்டில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது. கடிதமும் அங்கேதான் போக வேண்டும். அன்று சரியான செட்டைப் போட்டும் அதே அளவுதான் வந்தது. ஆக, பம்பிலேயே பிழை.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள். வெள்ளைப் பிளாஸ்டரில் "சேலைனுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டி, பம்பைத் திருப்பிக் கொடுத்தேன். சிஸ்டருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். வாட்டில் கருவிகளை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள். நாலு நாளில் பிளாஸ்டர் போய்விட்டது. ஐந்தாம் நாள் இரவு பக்கத்து வாட்டுக்காரர்கள் அந்தப் பம்பைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். காலையில் நான் பார்த்தபோது அதில், அளவு பிசகவே கூடாத பொட்டாசியம் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் கெட்டித்தனம் எதுவும் இல்லை.

பிறகு யோசித்தால் அந்தப் பிளாஸ்டரே அர்த்தமில்லாதது. சேலைனுக்கு மட்டும்தான் சரி என்றால் பம்ப் எதற்கு? 20 துளி ஒரு மில்லிலீட்டர் ஆகும் சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 33 துளி விட்டால் மணிக்கு 100 வந்துவிடும். நேர்ஸ் மிஸ்மார் மணிக்கூட்டைப் பார்த்துக் கண்ணாலேயே எண்ணுவார்கள். பம்ப் தேவைப்படுவது அளவு பிசகக்கூடாத மருந்துக்கு. அந்த மருந்துக்குத்தான் இந்தப் பம்ப் ஆகாது. எனவே பூட்டி வைப்பதுதான் சரி. நான் அதைச் செய்யாததற்கு ஒரே காரணம், சிஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது.

இப்போது செய்வது இப்படி. பம்பை வாட்டிலிருந்து கையோடு தூக்கி வருவேன், ஒட்டிவிட்டு வருவதில்லை. வெறும் கையோடு சிஸ்டரை விடுவதும் இல்லை. தூக்குவதற்கு முன்பே வேறு வாட்டில் சும்மா கிடக்கும் பம்ப் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் மாற்றிக் கொடுப்பேன். இல்லாவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கோல். அதுவும் சரிவராமல், அந்த ராத்திரிக்கு அந்தப் பம்ப் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால் முடிவு என்னுடையதல்ல. "மணிக்கு 100 என்று போட்டால் 112 போகிறது" என்று டொக்டரிடம் நேரில் சொல்வேன். அந்த 12-ஐ நோயாளி தாங்குவாரா என்று சொல்லப் படித்தவர் அவர். நான் படித்தது 12 என்று சொல்வதற்கு.

சொன்னதை எழுதுவதும் முக்கியம். பம்பின் இலக்கம், அளந்த எண், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னேன், எந்தத் திகதி வரை. திகதி போடாத "தற்காலிகம்" எங்கள் ஊரில் நிரந்தரம் என்று அர்த்தம். கருவியில் தொங்கும் அட்டையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். இங்கே ஒரே வாட்டில் மூன்று மொழிக்காரரும் வேலை செய்கிறார்கள்.

இன்னொன்று. "அந்த எரர் அடிக்கடி வரும் மிஸ், அமத்தினாப் போயிடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று விசாரியுங்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அதன் திரையில் புரியாத எரர்கள் அடிக்கடி வரும். இயக்குபவர்கள் ஒரு பட்டனை அழுத்தித் தொடர்ந்து போகப் பழகிவிட்டிருந்தார்கள். "இதில் ஓவர்டோஸ் வர வழியே இல்லை" என்று தயாரித்தவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாலை போட்டு வரும் மெஷின்

கோவிட் நேரம் கனடாவில் இருக்கும் நம்மவர்கள் காசு சேர்த்து, காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் ஒட்சிசன் கொன்சன்ட்ரேட்டர் அனுப்பினார்கள். நல்ல மனம், அதில் சந்தேகமே இல்லை. பெட்டியைத் திறந்து பின்பக்கத் தகட்டைப் பார்த்தேன்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். "ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டாச் சரிதானே பிள்ளை?" என்றார் கொண்டுவந்த ஐயா. வோல்ட்டைத்தான் ட்ரான்ஸ்போமர் மாற்றும். ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். 60-க்குச் செய்த கொம்பிரசர் மோட்டர் 50-இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும். சுற்றுவது மாதிரித்தான் தெரியும், காற்றும் வரும். வரும் காற்றில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அனலைசரை வைத்தேன். நிமிடத்துக்கு இரண்டு லீட்டரில் 90 சதவீதம், ஐந்து லீட்டரில் 76. நல்ல மெஷின் 93-ஐ ஒட்டிக் கொடுக்கும், 82-க்குக் கீழே போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

வெளியே மெஷினுக்கு மாலை போட்டு, போட்டோ எடுக்க ஆக்கள் நிற்கிறார்கள். இதுதான் சிக்கலான இடம். "வேண்டாம்" என்றால் கொடுத்த மனம் புண்படும், இன்னொரு தடவை தரமாட்டார்கள் என்று மேலே இருப்பவர்களும் பயப்படுவார்கள். வாங்கி ஸ்டோரில் போட்டால் போட்டோவில் இருக்கும் மெஷின் வாட்டிலும் இருக்கிறது என்று ஊர் நம்பும். அதைப் பொய் என்றுதான் நான் சொல்வேன், யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும். அன்று போட்டோ எடுக்கவிட்டேன். பிறகு ஐயாவைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அனலைசரில் 76-ஐக் காட்டினேன். எண்ணைக் கண்ணால் பார்த்தால் ஆக்களுக்கு விளங்கும். அவரே கனடாவுக்குப் போன் போட்டார்.

இப்போது அனுப்புவதற்கு முன்பே கேட்க ஒரு பக்கக் கேள்வித்தாள் வைத்திருக்கிறேன். வோல்ட்டும் ஹெர்ட்ஸும் என்ன, எத்தனை மணித்தியாலம் ஓடியது, பில்டர் இங்கே கிடைக்குமா, சேர்விஸ் மெனுவல் வருகிறதா, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் விசாரித்தாயிற்றா. 2015-ஆம் ஆண்டு 5-ஆம் இலக்கச் சட்டத்துக்குள் மருந்து மட்டுமல்ல, கருவியும் வருகிறது. உப்புவெளியில் கடலைப் பார்த்த அறையில் ஒரு சர்க்கிட் போர்ட் எவ்வளவு சீக்கிரம் பச்சை பூக்கும் என்று கனடாவில் இருப்பவருக்குத் தெரியாது. அதை எழுதிச் சொல்வதும் நம் வேலை.

"சும்மா ஒரு டெஸ்ட் ஐயா"

மாணவர்களோடு சல்லிக் கிராமத்துப் பக்கம் போயிருந்தோம். விரலில் மாட்டி இரத்த ஒட்சிசனைப் பார்க்கும் ஒக்சிமீட்டர் ஒன்றை மலிவு விலையில் செய்திருந்தார்கள், அதைச் சோதிக்க வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒரு பையன் போய், "விரலைக் குடுங்க ஐயா, சும்மா ஒரு டெஸ்ட்" என்றான். அவரும் கொடுத்துவிட்டார்.

அந்த "சும்மா" இருக்கிறதே, ஆய்வில் அதைப் போல ஆபத்தான சொல் இல்லை. நான் போய்ப் படிவத்தை வாசித்துக் காட்டி, "ஐயா, விளங்கினதை உங்கட வாயால சொல்லுங்க" என்றேன். "ஒட்சிசன் குறைஞ்சிருந்தா நீங்க பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து எடுத்துத் தருவீங்க" என்றார். படிவத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டாலே வைத்தியம் என்று நினைப்பது அவருடைய பிழையா? பிழை எங்களுடையது. கோட்டைக் கழற்றச் சொன்னேன். "இது உங்களுக்கு வைத்தியம் இல்லை, எங்கட மெஷின் சரியா எண்டு பாக்கிறம். இதால உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. வேண்டாம் எண்டா வேண்டாம்" என்பதைப் படிவத்தின் முதல் வரியாக மாற்றினோம். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மெஷின் 88 என்று காட்டினால் என்ன செய்வதாக இருந்தோம்? யாரும் யோசித்திருக்கவில்லை. இப்போது அங்கீகாரம் பெற்ற ஒக்சிமீட்டர் ஒன்றும் கூட வரும், அதுவும் குறைவாகக் காட்டினால் எந்தக் கிளினிக், யார் கூட்டிப்போவது என்பதும் திட்டத்தில் இருக்கும்.

சொல்லிக் காட்டச் சொல்லும் வழக்கத்தை விடாதீர்கள். "விளங்கிச்சா?" என்று கேட்டால் மரியாதைக்கு எல்லோரும் "ஓம்" என்பார்கள். கிண்ணியாவில் ஒரு உம்மா படிவத்தில் கையெழுத்தே வைத்துவிட்டு, "என்ன மகள் இது?" என்று கேட்டார்.

அந்தப் பெரியவரின் விரலை இங்கே சும்மா கொண்டுவரவில்லை. வெயிலில் கறுத்த தோல். ஒக்சிமீட்டர் 660 நனோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நனோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் விட்டு, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. தோலின் நிறமியும் இடையில் வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரித் தரவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்தில் உண்மையான இரத்த ஒட்சிசன் 88-க்குக் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 சதவீதம். 2013-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சொன்ன வழிகாட்டல்படி, சோதனையில் குறைந்தது இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், இவற்றில் எது கூடவோ அத்தனை பேர், கருமையான தோலுள்ளவராக இருந்தால் போதும். சல்லியில் அந்த இரண்டு பேரைத் தேடிப் போகத் தேவையில்லை.

அப்படியானால் இரத்த ஒட்சிசன் 70 சதவீதத்துக்கு இறங்கும் நிலை வரை நாமே சோதித்துவிடலாமே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டாள். முடியாது. ஆரோக்கியமான ஒருவரின் ஒட்சிசனை வேண்டுமென்றே இறக்கித்தான் அதைப் பார்ப்பார்கள். அதற்கென்று வசதியுள்ள ஆய்வுகூடத்தில், வைத்தியர் பக்கத்தில் நிற்க நடப்பது அது. எங்களுக்குக் கிடைத்தது 93-க்கும் 99-க்கும் இடைப்பட்ட அளவீடுகள் மட்டும். அறிக்கையிலும் "93 முதல் 99 வரை சோதித்தோம்" என்றுதான் எழுத வேண்டும். வேறொரு கருவியின் தாளைப் பார்த்து "70 முதல் 100 வரை, பிழை 2" என்று இறக்கும் ஆசை வரும், பரிசுப் போட்டி நெருங்கும்போது நிச்சயம் வரும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் அளவீட்டுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மருத்துவ பீடங்களில் அந்தக் குழுக்கள் இருக்கின்றன, இரண்டு மூன்று மாதம் போகும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964-இல் வந்தது, 2024-இல் கடைசியாகத் திருத்தினார்கள். அதில் இப்போது ஆய்வுக்கு உட்படுபவர் என்ற சொல் போய், பங்கேற்பாளர் என்று வந்திருக்கிறது.

சின்ன விசயங்கள்

பழைய ஸ்கேன் மெஷினை ஏலத்துக்கு விடுவதற்கு முன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். பெயரோடு, வயதோடு, கர்ப்பத்தின் படங்களோடு போகிறது. 2022-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனி இடம் உண்டு.

கம்பனிக்காரர் கொண்டுவரும் டயரி, கேக்: கேக்கை வாட்டில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுங்கள். டெண்டர் விவரக்குறிப்பை அவர்களே டைப் பண்ணித் தருகிறோம் என்றால் மட்டும் வாங்காதீர்கள். எனக்கு இதில் வேறு கருத்தே இல்லை.

போட்டி முடிந்த பிறகு

மூதூரில் ஒரு தம்பிக்கு மாணவர்கள் 3D பிரிண்டரில் செயற்கைக் கை செய்து கொடுத்தார்கள். மணிக்கட்டை மடித்தால் நூல் இழுபட்டு விரல்கள் மூடும். பரிசும் கிடைத்தது, எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரைக்கு 2013-இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது, 350-க்கும் மேற்பட்டோரின் கண்ணில் பொருத்தினார்கள். பிறகு கம்பனி அதைக் கைவிட்டது. கருவி கண்ணுக்குள்ளேயே, பழுது பார்க்க ஆளில்லை.

அதனால் திட்டத்தில் கடைசிப் பக்கம் ஒன்று கேட்கிறேன்: முடிந்த பிறகு உதிரிப்பாகம் யார் தருவது, எவ்வளவு காலம், எந்த போன் இலக்கம். நிரப்ப முடியாவிட்டால் ஆய்வைக் கருவியோடு முடித்துக்கொள்ளுங்கள், ஒருவருடைய கையில் மாட்டிவிட்டு வராதீர்கள்.

இரண்டு வருசம் கழித்து வேறு வேலையாக மூதூர் போனபோது அந்தத் தம்பியைப் பார்த்தேன். கை இன்னும் இருந்தது. நூல் ஆறு மாதத்தில் அறுந்ததாம். மீன் பிடிக்கிற தங்கூசியை இரட்டையாக முறுக்கி அவரே கோத்திருந்தார். எங்கள் நூலைவிட இறுக்கம். பெருவிரல் மட்டும் உடைந்து, ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தது. "அந்தத் தம்பிமார் எப்ப வருவினம் மிஸ்?" என்று கேட்டார். பெருவிரலை அளந்து குறித்துக்கொண்டு வந்தேன்.