‘புரிந்ததா?’ என்று கேட்க விடாதீர்கள்

நர்சிங் மாணவிகளுக்கு நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுப்பவர்கள், ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு வகுப்பிலேயே தடை போட்டுவிடலாம். பதிலாக, ‘நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் அம்மா’ என்று கேட்கப் பழக்குங்கள்.

‘புரிந்ததா?’ என்றால் எவரும் தலையாட்டிவிடுவார்கள். கோத்தகிரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் இன்னும் வேகமாக ஆட்டுவார். சொந்த வார்த்தையில் சொல்லும்போதுதான் பிசகு வெளிவரும். குன்னூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், ‘காலை டீயோடு போட்டுக்கொள்கிறேன்’ என்பார். டீயிலுள்ள டானின், உடல் இரும்பை ஈர்த்துக்கொள்வதைக் குறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தலையாட்டலில் இது தெரியவே தெரியாது. பொறுப்பை நர்ஸ் தன் மேல் போட்டுக்கொண்டு கேட்பதும் முக்கியம். இல்லையென்றால் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னது போல் ஆகிவிடும்.

கடும் வலியிலோ அரை மயக்கத்திலோ இருப்பவரிடம் இது செல்லாது. படுக மொழியோ இருளர் மொழியோ மட்டும் பேசுபவர் என்றால், முதலில் அந்த மொழி அறிந்த ஊழியரை அழையுங்கள்; கூட வந்த பள்ளிச் சிறுமியை மொழிபெயர்க்க வைப்பது சரியில்லை.