டயர் கடையில் அங்குலம் சொல்லிக் கேட்காதீர்கள்

மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரே நாளில் சைக்கிளில் போகிறோம், கிளம்புமுன் வண்டிகளை ஒருமுறை பார்த்துத் தாருங்கள் என்று ஆறு பேர் போன மாதம் கூப்பிட்டார்கள். கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். ஆறு பேருக்கும் இதுதான் முதல் நெடும்பயணம். வண்டிகளைச் சாய்த்து டயர்களைத் தடவிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு செய்துவைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு தம்பி பையிலிருந்து ஸ்பேர் டயரை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள், மொட்டை டயரோடு கிளம்பாதீர்கள், டியூப் இரண்டு வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டனைப் பார்த்து டயர் எடுப்பது

பட்டன், அதாவது டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டிகள், பெரிதாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்பது மண்ணிலும் சரளையிலும் உண்மை. தார் ரோட்டில் அப்படி இல்லை. மழைத் தண்ணீரில் கார் டயர் மிதந்து வழுக்குவது அது அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால். சைக்கிள் டயர் குறுகலானது, வளைவானது. நாம் போகும் வேகத்தில் தண்ணீரைத் தானே ஒதுக்கிவிடும். தாரில் பெரிய பட்டன் செய்வதெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து உங்கள் காலின் பலத்தைத் தின்பதுதான். ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் கேட்குமே, அது உங்கள் உழைப்பு வீணாகும் சத்தம்.

நெடுந்தூரத்துக்குப் பார்க்க வேண்டியது பட்டனுக்கு அடியில் இருக்கும் பஞ்சர் தடுப்புப் பட்டை. அது இருக்கிறதா, எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். அடுத்து டயரின் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தால் அது கடையில் வருடக்கணக்கில் கிடந்த சரக்கு. புதுசு என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

அங்குலத்தைச் சொல்லி டயர் கேட்பது

அந்தத் தம்பியிடம் இருந்தது 26 அங்குல மலைச் சைக்கிள். கடையில் போய் “26 டயர்” என்று கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன்: 37-590. அவர் வண்டியில் இருந்த டயரில்: 50-559. இரண்டுமே 26தான். ஆனால் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்தான் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்; அதில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த ஸ்பேர் டயரை அவர் தனுஷ்கோடி வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கலாம். ஒரு இடத்திலும் மாட்டியிருக்க முடியாது.

இதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் உண்டு. இதே பாதையில், பரமக்குடியில், இதே தவறால் என் பயணம் முடிந்தது.

அன்று பின் டயரின் பக்கவாட்டை ஏதோ கூர்மையான கல் கிழித்துவிட்டது. கட்டைவிரல் நுழையும் அளவு கிழிசல். ஸ்பேர் டயர் எடுத்துப் போகவில்லை. என் டயரில் பெரிய எழுத்தில் 28 x 1.40 என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கடைக்காரரிடம் “அண்ணே, இருபத்தெட்டு டயர் இருக்கா?” என்று கேட்டேன். “இருபத்தெட்டு இல்லாமலா? நம்ம கடையில ஓடுறதே அதுதான தம்பி” என்று பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கருப்பு பெரிய சைக்கிளுக்குப் போடும் 28 x 1½. நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

டயர் லீவரே இல்லாமல், கையாலேயே சட்டென்று உள்ளே போனது. எவ்வளவு சுலபமாக மாட்டிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். சரியான டயர் கடைசி ஒரு சாணுக்குக் கட்டைவிரலை நோகடிக்காமல் போகாது என்பது அன்று எனக்குத் தெரியாது. காற்று அடிக்க அடிக்க ஒரு பக்கம் டயர் ரிம்மைவிட்டு மேலே ஏறியது. அமுக்கி உள்ளே தள்ளினேன், எதிர்ப்பக்கம் ஏறியது. அந்த இடைவெளியில் டியூப் எலுமிச்சை அளவுக்கு வெளியே பிதுங்கியது. பம்பை நிறுத்துவதற்குள் வெடித்தது. இருந்த ஒரே ஸ்பேர் டியூப் அது.

அந்தக் கருப்பு சைக்கிள் டயர் 635. என் ரிம் 622. விட்டத்தில் 13 மில்லிமீட்டர்தான் கூடுதல், சுற்றளவில் அது நான்கு சென்டிமீட்டர். ரோட்டில் ஓடும்போது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. கூட வந்தவர்கள் ராமநாதபுரம் நோக்கிப் போனார்கள். நான் சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றி மதுரை திரும்பினேன்.

ஒரே பெயரில் இத்தனை அளவு எப்படி வந்தது? ஆரம்பத்தில் அங்குலம் என்பது காற்றடித்த டயரின் வெளிவிட்டம். ஒரே வெளிவிட்டத்துக்குத் தடி டயர் போட்டால் ரிம் சிறிதாக வேண்டும், மெல்லிய டயர் போட்டால் பெரிதாக வேண்டும். அப்படி ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு ரிம் பிறந்தது. பிறகு டயரின் தடிமன் எவ்வளவோ மாறியது, பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பழைய ரேஸ் சைக்கிளின் 27 அங்குலம் 630. இன்றைய 28 அங்குலம் 622. அதாவது 27 என்பது 28ஐவிடப் பெரிது! 29 அங்குல மலைச் சைக்கிளும் டயரில் 700சி என்று போட்டிருக்கும் ரோட்டு சைக்கிளும் ஒரே 622. 27.5 என்பது 584. இதில் அங்குலத்தை நம்பி யார் என்ன வாங்க முடியும்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐஎஸ்ஓ 5775 என்ற தர அளவு இருக்கிறது. ஐரோப்பிய டயர் அமைப்பின் பெயரால் இ.டி.ஆர்.டி.ஓ. எண் என்றும் சொல்வார்கள். 37-622 என்றால் 37 மில்லிமீட்டர் அகலம், 622 மில்லிமீட்டர் டயர் உட்காரும் விட்டம். அந்த மூன்று இலக்கம் ஒத்துப்போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்க முடியாது. அகலத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் உரசாத வரை.

எண் பெரிய எழுத்தில் இருக்காது. டயரின் நிறத்திலேயே, பக்கவாட்டில், புடைப்பாகச் சின்னதாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். பல ரிம்களில் ஸ்டிக்கரிலேயே 622x19 என்று போட்டிருப்பார்கள்; அதில் 19 என்பது ரிம்மின் உள் அகலம். கண்டுபிடித்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி சீட்டுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். கடைக்குப் போனால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். கடைக்காரருக்குப் பழக்கம் இல்லையென்றால் டயரை வாங்கி நீங்களே படியுங்கள்.

நம் ஊர்களில் சின்ன கடைகளில் எப்போதும் கிடைப்பது பெரிய சைக்கிளின் 635உம் லேடீஸ் சைக்கிளின் 590உம்தான். உங்கள் வண்டி 622 என்றால் வழியில் டயர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மடிக்கும் டயர் ஒன்று வாங்கி, சுருட்டி, சீட்டுக்கு அடியில் கட்டிக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் இரும்புக் கம்பிக்குப் பதில் கெவ்லார் நூல் இருப்பதால் கைக்குள் அடங்கும்.

டியூப் விஷயத்தில் இவ்வளவு கறார் தேவையில்லை, ரப்பர் இழுபடும். 635 டியூபை 622 டயருக்குள் சமாளித்து வைத்துவிடலாம். ஆனால் வால்வைப் பாருங்கள்: பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வுக்காகத் துளை போட்ட ரிம்மில் நம் ஊர் டியூபின் தடித்த வால்வு நுழையாது.

டயரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடிப்பது

அது உச்சவரம்பு, அந்த அளவுக்கு அடி என்ற உத்தரவு அல்ல. என் எடை 75 கிலோ. 37 டயரில் பின்னால் 60 பிஎஸ்ஐ, முன்னால் 50 வைக்கிறேன். கல்லாக அடித்தால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு. குண்டும்குழியுமான ரோட்டில் டயர் அமுங்க வேண்டும், இல்லையென்றால் வண்டியும் நீங்களும் சேர்ந்து குதிப்பீர்கள், மணிக்கட்டு மரத்துப்போகும். விடியற்காலையில் 60 வைத்தது, மத்தியானம் தார் கொதிக்கும்போது 66 ஆகியிருக்கும். அதற்கும் இடம் விடுங்கள்.

எடை

நூறு கிராம் மிச்சம் பிடிக்க ரேஸ் டயர் போடாதீர்கள்.

முந்தின நாள் ராத்திரி மாட்டுவது

புது டயரோடு குறைந்தது 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கிளம்புங்கள். சரியாக உட்காராத டயர், ரிம்மில் மாட்டிக்கொண்ட டியூப், உரசும் மட்கார்டு எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

முள்ளை நினைத்துக்கொண்டு கம்பியை மறப்பது

ராமநாதபுரம் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் சீமைக்கருவேல முள்ளுக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் முள் கண்ணுக்குத் தெரியும், பிடுங்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்துக் கிடக்கும் லாரி டயர் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி முடி அளவுதான் இருக்கும். டயருக்குள் குத்திக்கொண்டு, வெளியே தெரியாமல், காற்றை மெல்ல இறக்கும். டியூபை மாற்றினால் அதையும் குத்தும்.

விரலால் தேடினால் சில நேரம் விரலைக் கிழிக்கும், சில நேரம் அகப்படவே அகப்படாது. ஒரு துண்டுப் பருத்தித் துணியை டயருக்குள் சுற்றிலும் இழுத்துவாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் கம்பி இருக்கிறது. நகவெட்டியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். இன்னொன்று: டயர் மாட்டும்போது அதன் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அந்த ஆறு பேர் கிளம்புமுன் எல்லா டயர்களையும் கழற்றி அப்படி மாட்டினோம். மானாமதுரை தாண்டி ஒருவருக்குக் காற்று இறங்கியிருக்கிறது. வால்விலிருந்து இடப்பக்கம் ஒரு சாண், அங்கே அரை அங்குலக் கம்பி. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம் என்று படம் அனுப்பியிருந்தார்கள். உள்ளங்கையில் கம்பி, பின்னால் 50-559 என்று டேப் ஒட்டிய சைக்கிள்.