மெயிலை அப்பா எழுதினால் கோச்சுக்குத் தெரிந்துவிடும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை டென்னிஸில் கொஞ்சம் தேறிவிட்டால் போதும், நம் வீடுகளில் அடுத்த பேச்சு காலேஜ் கோச் பற்றித்தான். தப்பும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கட்-ஆஃப் வாங்கினால் சீட்டு என்று வளர்ந்தவர்கள் நாம். ரேங்கிங் ஏறினால் கோச் தானாகத் தேடி வருவார் என்று இங்கேயும் அதே கணக்கைப் போடுகிறோம்.

கோச் பார்ப்பது தன் அணியில் விழப்போகும் காலி இடத்தை. இந்த வருடம் இரண்டு பேர் படிப்பை முடித்துப் போனால் அவருக்கு இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு இடத்துக்கும் வேறு காலேஜில் ஆடிவிட்டு ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வருகிறவர்கள் போட்டி. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களும் போட்டி. போதாததற்கு, வீரர்களோடு வருமானத்தைப் பகிரும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டின் மேல்தட்டு) காலேஜ்களில் 2025-26 முதல் டென்னிஸ் அணிக்கு 10 பேர் என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. ஆகவே மெயில் அனுப்பும் முன் அந்த அணியின் இணையதளத்தைத் திறந்து, யார் எந்த வருடம் படிக்கிறார்கள், ஒற்றையரில் ஐந்தாம் ஆறாம் இடத்தில் ஆடுகிறவர்களின் யூடிஆர் (ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் எண்) என்ன என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரே மெயிலை எண்பது காலேஜுக்குத் தட்டிவிட்டு, பதில் வரவில்லையே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மெயிலையும் பாதி வீடுகளில் அப்பாதான் எழுதுகிறார். பிள்ளையின் பெயரில் எழுதினாலும் காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பதினாறு வயசுப் பெண் "தங்கள் மேலான பரிசீலனைக்கு" என்கிற தோரணையில் எழுதுவாள்? அவளே எழுதும் நாலு வரி போதும்: பள்ளி முடிக்கும் வருடம், யூடிஆர், ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), அடுத்த டோர்னமென்ட் எங்கே எப்போது, வீடியோ லிங்க். வீடியோவில் பாட்டும் ஸ்லோ மோஷனும் வேண்டாம். கோர்ட்டின் பின்பக்கம் கேமராவை நிறுத்தி, வெட்டாமல் எடுத்த சில கேம் போதும். பந்து வருவதற்கு முன் கால் எப்படி நகர்கிறது, ஒரு பாயிண்ட் போனபின் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

நேரில் பார்க்க வரும் கோச் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு டோர்னமென்ட்டில் ஒரு பெண் நெருக்கமாக ஆடித் தோற்றாள். நல்ல ஆட்டம். வெளியே வந்ததும் பையை அம்மா கையில் திணித்தாள், "தண்ணி எங்க?" என்று எரிந்து விழுந்தாள். நாலு அடி தள்ளி மடக்கு நாற்காலியில் காலேஜ் டி-ஷர்ட் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன முடிவெடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தலை நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம், இரட்டையர். "டபுள்ஸ் ஆடினால் சிங்கிள்ஸ் ரேட்டிங் ஏறாது, விடு" என்பது நம்மவர் வழக்கம். டிவிஷன் 1 ஆட்டத்தில் மொத்தம் ஏழு புள்ளி: ஒற்றையர் ஆறுக்கு ஆறு, மூன்று இரட்டையரில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒன்று. 4-3 என்று முடிகிற நாளில் அந்த ஒன்றுக்கு என்ன விலை என்று கோச்சைக் கேட்டுப் பாருங்கள். வலைக்கு அருகே வரவே பயப்படும் பிள்ளையை அவர் தயங்கித்தான் எடுப்பார்.

ஒன்பதாம் வகுப்பிலேயே மெயில் அனுப்பிப் பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். டிவிஷன் 1 டென்னிஸில், பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15-க்கு முன் அணியில் சேர்ப்பது பற்றி கோச் பதில் எழுத விதி இடம் தருவதில்லை. காலேஜ் நடத்தும் டென்னிஸ் கேம்ப்பின் விளம்பரம் மட்டும் வரும். அதை அழைப்பு என்று எண்ணி ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். காசு கட்டிச் சேர்கிற கேம்ப் அது.

படிப்பில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். இருந்தாலும் டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அதில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பள்ளிக் கவுன்சிலரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பணம்? ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீக்கிலும் டிவிஷன் 3-இலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. மற்ற இடங்களிலும் டென்னிஸில் முழுத்தொகை எல்லோருக்கும் கிடைக்காது. வாய்மொழி வாக்கு இரு தரப்பையும் கட்டாது. பெரிய பெயருக்காகப் பெஞ்சில் உட்காருவதும் லாபமில்லை. மதுரைக்கார டென்னிஸ் வீரர் தக்ஷினேஸ்வர் சுரேஷ் முதலில் ஆடியது ஜார்ஜியா க்வினெட் என்ற, என்சிஏஏவிலேயே (இந்த டிவிஷன்களை நடத்தும் சங்கம்) இல்லாத ஒரு காலேஜுக்கு. டிவிஷன் 1-இல் ஆடும் வேக் ஃபாரஸ்ட் அதற்குப் பிறகுதான்.

கோச் போனில் இனிக்க இனிக்கப் பேசினால், "உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது? எப்போது முடிவு சொல்வீர்கள்?" என்று பிள்ளை நேராகவே கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்கும்போது நாம் பக்கத்தில் உட்கார்ந்து சைகை காட்டாமல் இருந்தால் சரி.