பத்து வேலை எழுதி நாலு முடிப்பவர்களுக்கு

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களின் அன்றாட அட்டவணையில் ஆபீஸ், ஜிம், மளிகை, பிள்ளையின் ஹோம்வொர்க், அம்மாவுக்கு போன் என்று எல்லாம் இருக்கும். சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக் மட்டும் இருக்காது. முதல் தவறு அதுதான். வேலைகளை எழுதுகிறோம், அவற்றுக்கு நடுவே கரையும் நேரத்தை எழுதுவதில்லை.

சாலை நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2019 கணக்கில் உலகிலேயே நெரிசல் மிகுந்த நகரம் பெங்களூர்தான். காலியான சாலையில் ஆகும் நேரத்தைவிடச் சராசரியாக 71 சதவீதம் கூடுதலாக ஆனது. அதாவது அரை மணிப் பயணம் என்று நினைத்தது 51 நிமிடம். இது சராசரி, மழை பெய்த சாயங்காலத்தின் கதை வேறு. கூகுள் மேப்பில் புறப்படும் நேரத்தைக் குறித்துத் தேடினால் ‘இத்தனை நிமிடம் முதல் இத்தனை நிமிடம் வரை’ என்று காட்டும். நம் கண் சின்ன எண்ணில்தான் நிற்கும். அட்டவணையில் ஏற வேண்டியது பெரிய எண்.

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் மெட்ரோ வந்தபின் எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் பயணம் ஆகாது. படி ஏறுவது, பை சோதனை வரிசை, இறங்கியபின் ஆட்டோவோடு பேரம் எல்லாம் சேர்த்து, வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை கணக்கிடுங்கள்.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது: ஆசையை வைத்து நேரத்தை அளப்பது. உளவியலாளர் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்னதே 49 நாளுக்குள்தான்! நம் ‘மோசமான’ கணக்குகூட நிஜத்தைவிட நல்லதாகவே இருக்கிறது. ஆகவே ‘எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று மனசைக் கேட்காதீர்கள். ‘போன தடவை எவ்வளவு ஆச்சு?’ என்று கேளுங்கள். வருமான வரி ரிட்டர்ன் அரை மணி வேலை என்பவர், போன வருஷம் வட்டிக் கணக்கைத் தேடியதையும் வராத ஓடிபிக்குக் காத்திருந்ததையும் நினைத்துப் பார்க்கட்டும்.

ஒரு நாளை விளிம்பு வரை நிரப்புவது மூன்றாவது தவறு. கால் மணிக்குக் கால் மணி கட்டம் போடச் சொல்லும் ஆப்கள் இந்த ஊருக்கு உதவாது என்பது என் எண்ணம். ஒரு மீட்டிங் இழுத்தால் மீதி எல்லாம் சரியும். மதியத்தில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி வெறுமனே விடுங்கள். வேலை தானாக வந்து நிரப்பும், கவலை வேண்டாம்.

அமெரிக்க டீமோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். கோடையில் இரவு ஏழரைக்கு இருந்த மீட்டிங் கால் நமக்கு எட்டரைக்கு வந்து நிற்கும். சாப்பாடு, குழந்தையைத் தூங்க வைப்பது எல்லாம் இடிக்கும். மார்ச் வரை அந்த நேரத்தில் வேறெதையும் வைக்காதீர்கள்.

நேற்று முடியாததை எல்லாம் இன்றைய பட்டியலின் தலையில் ஏற்றுவதும் பழக்கமாகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி கொடுங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் வெள்ளிக்கிழமையை முழு நாளாக எண்ணுவதும் தவறுதான். மடிவாளாவில் இரவு ஒன்பதரைக்கு பஸ் என்றால் மதியம் மூன்றுக்கு மேல் புது வேலை எதையும் தொடாதீர்கள். பையை வியாழன் இரவே கட்டிவிடுங்கள். பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து மீதியை முடிப்பேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலே வருவதற்குள் குறட்டை கேட்கும்.