கும்பகோணம் கடைத்தெருவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பேஸ்வரரையும் சாரங்கபாணியையும் தரிசித்துவிட்டு, ரயிலுக்கு எஞ்சியிருக்கும் அரை மணி நேரத்தில் கடைத்தெருவையும் முடித்துவிடலாம் என்று எண்ணுவதுதான் கும்பகோணத்துக்கு வருவோர் செய்யும் முதல் தவறு. அவசரத்தில் விலையைக் கேட்கத் தோன்றுமே தவிர, எடையையும் அளவையும் உலோகத்தையும் கேட்கத் தோன்றாது.

பித்தளைப் பாத்திரங்கள் பெரும்பாலும் எடைக்கே விற்கப்படுகின்றன. ஆகவே தராசில் வைக்காமல், பளபளப்பைப் பார்த்து உருப்படிக்கு இவ்வளவு என்று பேரம் பேசுவதில் பொருளில்லை. காந்தம் ஒட்டினால் அது பித்தளை பூசிய இரும்பு என்று முடிவு செய்யலாம்; ஒட்டாததாலேயே பித்தளை என்று நம்பிவிடவும் கூடாது, அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வாங்குபவர்கள் பீடம், தண்டு, தட்டு ஆகியவற்றைக் கழற்றி, மரை சரியாக ஏறுகிறதா என்று தாங்களே பூட்டிப் பார்த்து, சமதரையில் நிறுத்தி ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஈயச்சொம்பில்தான் ஏமாற்றம் அதிகம், ஆபத்தும் அதிகம். ரசம் வைக்க ஏற்றது வெள்ளீயம், காரீயமோ நஞ்சு. இரண்டும் மென்மையானவை, இரண்டும் வெளிறிய நிறமுடையவை என்பதால், பழகாத கண்ணுக்கு வேறுபாடு எளிதில் பிடிபடாது. பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் தொழில் செய்யும் கடையில் வாங்கி, ரசீதில் ‘வெள்ளீயம்’ என்று எழுதித் தரச் சொல்வது நல்லது. எழுதத் தயங்கும் கடையில் சொம்பை வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. வெள்ளீயம் சுமார் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்பு தாங்கும், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் அடி ஒழுகிவிடும். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைப்பதையும் தவிர்க்க வேண்டும், புளிப்பு அதிலுள்ள செம்பைக் கரைத்துவிடும்.

பூவை முழத்தில் விற்பார்கள். யாருடைய முழம் என்பதில் தகராறு வராமலிருக்க, அளந்த பிறகு முறைப்பதைவிட அளக்கும்போதே பார்ப்பது மேல். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மல்லிகை விலை ஏறுவது இயல்பு, அதற்குப் பூக்காரம்மாவைக் குறை சொல்வது நியாயமன்று. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில், அதாவது கட்டுக் கட்டாக வாங்குகையில், மேலே தெரியும் கொழுந்தை மட்டும் பார்க்காமல், கட்டை விரித்து நடுவில் அழுகலோ பழுப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தின்பண்டத்தில் விதி எளிது: கண்முன் எண்ணெயிலிருந்து எடுக்கும் பஜ்ஜியை வாங்கலாம், தட்டில் ஆறிக் கிடப்பதை விட்டுவிடலாம். அச்சிட்ட செய்தித்தாளில் வைத்து எண்ணெயைப் பிழியும் பழக்கத்தைக் கண்டால் வாழையிலையோ தட்டோ கேட்கத் தயங்க வேண்டாம், மை உணவில் இறங்கும். பித்தளை டபராவில் ஊற்றிக் கொடுப்பதாலேயே எந்தக் காபியும் டிகிரி காபி ஆகிவிடாது. பாலும் டிகாக்‌ஷனும் சரியாக இருக்கும் கடையை, பலகையைப் பார்த்தல்ல, உள்ளூர்க்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சர்க்கரை வேண்டாம் என்றால் ஆற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருப்பதால், கனமான மஞ்சப்பை ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். காரைத் தெருவுக்குள் கொண்டுவராமல் வெளியே நிறுத்திவிட்டு, பூவையும் வெற்றிலையையும் கசங்காமல் தனியே வைத்துக்கொண்டு, விளக்கையும் அண்டாவையும் கடைசியில் வாங்கினால், அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் அலைய வேண்டியிராது.