எல்லாக் கைவிடுதலும் ‘ஃபர்சேக்’ ஆகாது

தமிழில் ‘கைவிடு’ என்ற ஒரு சொல் போதும். நண்பனைக் கைவிடலாம், திட்டத்தைக் கைவிடலாம், போராட்டத்தையும் கைவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அகராதியில் ‘ஃபர்சேக்’ என்பதற்கு எதிரே ‘கைவிடு’ என்று பார்த்ததும் எங்கும் அதையே போட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வேலைநிறுத்தத்தைக் கைவிட்டால் ‘கால்டு ஆஃப்’. பாதியில் விட்ட கட்டடம் என்றால் ‘அபாண்டன்’. படைவீரன் முகாமைவிட்டு ஓடினால் ‘டெசர்ட்’. எழுத்தில் இது பாலைவனத்தின் பெயரேதான். வினையாகும்போது மட்டும் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்து, சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பின் ஆங்கிலப் பெயரைப் போல ஒலிக்கும்.

‘ஃபர்சேக்’ வேறு ரகம். துணை நிற்க வேண்டியவர் விலகிப்போவதும், உயர்வாகப் போற்றிய ஒன்றைத் துறப்பதும் அதன் களம். 1611-இல் அச்சான ஆங்கில விவிலியத்தில், சிலுவையில் இயேசு ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கதறும் இடத்தில் வருவது இந்த வினைதான். அவ்வளவு கனமான சொல்லை, பஸ்ஸில் மறந்துவைத்த குடைக்குச் செலவழிக்கலாமா? குடைக்கு ‘லெஃப்ட்’ தாராளம்.

இறந்தகாலத்தில் ‘ஃபர்சேக்டு’ என்று எழுதுவது அடுத்த சறுக்கல். ‘டேக், டுக், டேக்கன்’ போலவே ‘ஃபர்சேக், ஃபர்சுக், ஃபர்சேக்கன்’. யாரை, எதை என்ற செயப்படுபொருளும் கூடவே வர வேண்டும். ‘ஹி ஃபர்சுக்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். நடுவில் ‘ஃப்ரம்’ நுழைப்பதும் தவறு.

‘பொருட்டு’ என்னும் பொருளில் வரும் ‘ஃபார் த சேக் ஆஃப்’ தொடரோடு இதைக் குழப்புகிறவர்களை முழுதாகக் குறைசொல்ல மாட்டேன். இரண்டிலும் உள்ள ‘சேக்’ வழக்காடுதலைக் குறித்த ஒரே பழைய வேரிலிருந்து பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபர்சேக்’ என்றால் மறுப்பது. கைவிடுவது என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. வேர் ஒன்றானாலும் இன்று ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது.

மொழிபெயர்ப்பாளர்கள் இடறும் இடம் ‘காட்ஃபர்சேக்கன்’. ‘கடவுள் கைவிட்ட ஊர்’ என்று எழுதிவிட்டால், ஏதோ சாபக்கதை தொடங்குகிறது என்று வாசகர் நிமிர்ந்து உட்காருவார். சொன்னவர் சலித்துக்கொண்டது, ஈ காக்கை இல்லாத அந்தப் பொட்டல்வெளியைப் பற்றி மட்டுமே.