மாதவிடாய் தள்ளிப்போனால் கணக்கு எங்கே மாறுகிறது?

ரத்தப்போக்கு தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். சுழற்சியின் முதல் நாள் அதுதான்; டாக்டர் கேட்பதும் அந்தத் தேதியைத்தான். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. எல்லோருக்கும் 28 என்று கிடையாது.

சுழற்சியின் முன்பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மெல்ல ஏறி, கருப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனைச் சட்டென்று கூட்டும். சுமார் ஒன்றரை நாளில் கருமுட்டை வெளிவரும். அந்தச் சமயத்தில் வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, விரலிடையில் இழுத்தால் அறுபடாமல் நீளும். இதற்குப் பயப்பட வேண்டாம். அரிப்போ துர்நாற்றமோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும் காலம். உடல் சூடு அரை டிகிரி செல்சியஸ் வரை ஏறலாம். மார்பு கனக்கும், வயிறு உப்பும், சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள், பாவம்.

இந்தப் பின்பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாள், அதிகம் மாறாது. பரீட்சை, காய்ச்சல், மனக்கவலை என்று இழுத்துக்கொண்டே போவது பெரும்பாலும் முன்பாதிதான். அதனால் 35 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கருமுட்டை சுமார் 21ஆம் நாளில்தான் வெளிவரும். குழந்தைக்கு முயல்பவர்கள் இதைக் கவனியுங்கள். கருத்தடைக்கு மட்டும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

மூன்று மாதம் வராமல் இருந்தாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ தள்ளிப்போடாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.